இடது பக்கக் கதவு

என் தங்கை வீட்டுக்காரர் பால்ச்சாமியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. கெட்ட மனுஷன் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அவர் கைநீட்டி அடித்தார் என்று தங்கை பாண்டிசெல்வி ஒரு நாளும் என்னிடம் அழுததில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போனால் அரை மணி நேரத்துக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளாது. முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான், எத்தனையோ பேரோடு நின்றும் இடித்தும் பழகியிருக்கிறேன். இவரோடு மட்டும் முடியவில்லை.

காரணம் அவருடைய கண். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்குச் செக்கிங் வேலை. ஒரு கண்ணாடி மேசை, அதற்கு அடியில் டியூப்லைட். துணி மேசைமேல் ஓடிக்கொண்டே இருக்கும், இவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். இருபத்தெட்டு வருடமாக இதுதான். ஒரு பிசிறு நூல் புண்ணுக்குள் போனால் ஆள் பிழைப்பதே பெரும்பாடு என்று அவர் சொல்வார். வேலையில் அவர் சுத்தம், அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மனுஷன் மேசையை விட்டு எழுந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கவில்லை. சோற்றில் குறை, கோலத்தில் குறை, மகள் பானுப்பிரியா நோட்டில் அடிக்கோடு போட்டதில் குறை. என் சட்டைப் பித்தான் நூல் வேறு நிறத்தில் இருப்பதை என் வீட்டுக்காரிகூடக் கவனித்ததில்லை, அவர் கவனித்துவிட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் கார் வாங்கினார். அவர் தெருவில் அதுதான் இரண்டாவது கார். கறுப்பு வேண்டாம் மாப்ளே, தூசி தெரியும் என்று சொன்னேன். தெரியட்டும், தெரிந்தால்தானே துடைக்க முடியும் என்றார். வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். காருக்கு இடது பக்கம், சுவருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து மட்டும் மிச்சம். அந்தச் சந்து வழியாகத்தான் பின்பக்கம் போக வேண்டும். மோட்டார் சுவிட்ச், துணி துவைக்கிற கல், மகளின் சைக்கிள், எல்லாம் அங்கேதான்.

தினமும் காலையில் அரை மணி நேரம் காரைத் துடைப்பார். கம்பெனியில் நறுக்கிப் போட்ட பேண்டேஜ் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து நாலாக மடித்து, உள்ளங்கைக்கு அடியில் வைத்து, வட்டம் வட்டமாகத் துடைப்பார். தண்ணீர் ஊற்ற மாட்டார். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவதே எட்டு நாளைக்கு ஒரு தடவை, காருக்கு எங்கே ஊற்றுவது. தூசி மேலேயே காய்ந்த துணி. புண்ணுக்கே வலிக்காத துணி மச்சான், பெயிண்டுக்கு என்ன செய்யும் என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கார் வந்த நாலாம் மாதம் நான் ராஜபாளையம் போயிருந்தேன். காபி டம்ளரை நீட்டிய தங்கையின் கை வெறுங்கையாக இருந்தது. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, அவ்வளவுதான். கட்டிய புருஷன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார், இவள் வளையல் இல்லாமல் நிற்கிறாள். என்னட்டி இது என்று கேட்டேன். சமையலறைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னாள். சந்தில் போகும்போது வளையல் உரசி இடது பக்கக் கதவில் கீறல் விழுந்துவிட்டதாம். அவிய கழட்டச் சொன்னாவ, கழட்டிட்டேன் என்றாள், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

நான் சும்மா இருக்கவில்லை. வெளியே வந்து கத்தினேன். ஒரு தகர டப்பாவுக்காக என் தங்கச்சி கையை மூளியாக்கிட்டீரே என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டேன். பால்ச்சாமி என்னைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பின்பக்க இடது கதவைக் காட்டினார். வாசல் வழியாகச் சாயங்கால வெயில் சாய்ந்து சரியாக அந்தக் கதவில் விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய கீறல்கள், சிலந்தி நூல் மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து வளைந்து கிடந்தன. வளையல் உயரத்துக்குத்தான் இருந்தன. நானும் நம்பிவிட்டேன். அன்று அங்கே சாப்பிடாமல் பஸ் ஏறினேன். என்னால் முடிந்த கோபம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் கண்ணாடி வளையல் போடவே இல்லை. கேட்கிறவர்களிடம், கண்ணாடி பட்டால் கை அரிக்கிறது, டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பாள். அவளிடம் இருந்த இரண்டு தங்க வளையலை மகள் கல்யாணத்துக்குப் போட்டு அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மடவார் வளாகத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வருவாள், பஸ்ஸில். கார் கொட்டகையில் நிற்கும். கூட்டத்தில் காரை நிறுத்தினால் எவனாவது உரசுவான் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. தேர் பார்த்துவிட்டு வரும்போது வளையல் கடையில் நின்று என் மகன் பெண்டாட்டிக்குப் பச்சையும் சிவப்புமாகத் தேர்ந்தெடுத்து வாங்குவாள். கடைக்காரன் உங்களுக்கு என்ன அளவும்மா என்று கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கூடாது என்றே நான் ஐஸ் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்த வருடம் பானுப்பிரியா ஏழு மாதம். சுந்தரபாண்டியத்தில் மாமியார் வீடு. அங்கே வளைகாப்பு நடத்தி, பிள்ளையைப் பிரசவத்துக்கு ராஜபாளையம் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவளை என் காரில்தான் கூட்டி வருவேன் என்று பால்ச்சாமி சொல்லிவிட்டார். நல்லதுதான். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் கீறல் விழுந்த கதவோடு போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. பெயிண்ட் கடையில் விட்டால் இன்னும் நாலு கீறல் சேர்த்துக் கொடுப்பான்கள், வீட்டிலேயே நானே எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். வெளிச்சம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார். ஒன்பது வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் ஒரு காரியம் இருந்தது. வளைகாப்புக்காவது என் தங்கை கையில் வளையல் ஏற வேண்டும். கதவு சரியாகிவிட்டால் கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன்.

முதலில் தென்காசி ரோட்டில் தவசிமுத்து என்பவரின் கார் சாமான் கடைக்குப் போனோம். தவசிமுத்து பொறுமைசாலி. கதவை போட்டோவில் பார்த்துவிட்டு, நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். நகம் மாட்டினால் கீறல் ஆழம், வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. வழுக்கிக்கொண்டு போனால் மேலே இருக்கிற வார்னிஷில் மட்டும்தான், காம்பவுண்ட் என்று ஒரு பசை இருக்கிறது, அதைப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நகம் மாட்டவில்லை என்று பால்ச்சாமி சொன்னார். ஒரு டியூப் காம்பவுண்டும், கையில் பிடித்துத் தேய்க்கிற ஸ்பாஞ்சும், பூப்போல இருக்கிற துடைக்கிற துணி நாலும் எடுத்து வைத்தார். வைத்துக்கொண்டே, தினமும் காய்ந்த துணியால் துடைப்பீர்களோ, இப்படி வட்ட வட்டமான கீறல் அதில்தான் வரும், தூசியைத் துணியே அரைத்துவிடும் என்றார். என் துணி அப்படிப்பட்ட துணி இல்லை என்றார் பால்ச்சாமி. தவசிமுத்து என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. இரண்டு வாளித் தண்ணீர், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்று துணி அலச. தண்ணீரைப் பாண்டிசெல்வி இரண்டு நாளாகக் குடத்தில் சேர்த்து வைத்திருந்தாள். காரைத் தெருவுக்கு எடுக்காமல், வலது பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, கொட்டகை நிழலிலேயே அந்தக் கதவை மட்டும் கழுவி ஈரம் போக ஒற்றினார். தகரம் சூடாக இருந்தால் காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். கைப்பிடி, ரப்பர் ஓரம் எல்லாவற்றிலும் டேப் ஒட்டினார். முதலில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பரீட்சை. ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு நாலு சொட்டு, இரண்டு சாண் இடம், மேலும் கீழுமாக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, அழுத்தாமல். காயும் முன்னே துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடிங்க மச்சான் என்பார். நான் பிடிப்பேன். கன்னத்தைக் கதவோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். பிறகு அடுத்த இரண்டு சாண். எனக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு நிதானமான கை வேலையை நான் பார்த்ததில்லை. மூன்று மணி நேரத்தில் கதவு கறுப்புக் கண்ணாடியாகிவிட்டது. ஒரு கீறல் இல்லை. என் வழுக்கை அதில் தெளிவாகத் தெரிந்தது.

அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தேன். வெயிலில் பார்ப்போம் என்று சொல்லி வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினார். பத்தரை மணி வெயில் நேராக விழுந்தது. நான் வாசல் படியில், கொஞ்சம் உயரத்தில் நின்றிருந்தேன். காரின் மேல்கூரை முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு இடம் பாக்கியில்லை. மாப்ளே இங்க வாங்க என்றேன். ஏறி வந்து பார்த்தார். இறங்கிப் போய் முன்பக்க பானட்டைப் பார்த்தார், வலது பக்கம் போய்ப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதே கீறல். தேய்த்த அந்த ஒரு கதவுதான் சுத்தம்.

பாண்டிசெல்வி என் தோளுக்குத்தான் வருவாள். அந்தக் கூரையின் நடுவுக்கு அவள் வளையல் எட்டவே எட்டாது. வலது பக்கம் அவள் நடந்ததே கிடையாது. இத்தனை வருடமாக இதை எப்படிப் பார்க்காமல் இருந்தார் என்று கேட்பீர்கள். கொட்டகையில் வெயில் விழுவது சாயங்காலத்தில், அந்த ஒரு கதவில்தான். விடியுமுன் வண்டியை எடுப்பார், நிழல் பார்த்து நிறுத்துவார். தவிரவும், குற்றத்தை ஒருத்தி மேல் வைத்து முடித்துவிட்ட பிறகு மற்ற இடத்தில் தேட அவருக்கு என்ன தேவை இருந்தது? அவர் கூரைமேல் கையை வைத்தார். தினமும் துடைக்கிற மாதிரி உள்ளங்கையை ஒரு வட்டம் சுற்றினார். கை அந்தக் கீறல் மேலேயே போயிற்று. இன்னொரு வட்டம் சுற்றிப் பார்த்தார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

எனக்குள் ஒன்பது வருடக் கோபம் இருந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லாப் பாரும் என்று சொல்லியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. பாவமாகக்கூட இருந்தது, அதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

பாண்டிசெல்வி மோர் கொண்டுவந்தாள். அவர் டம்ளரை வாங்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கீறல் போட்டது ஒன் வளையல் இல்ல போல."

"இல்லைதான்" என்றாள் அவள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். வளையலைக் கதவுல ஒட்டி வச்சு உரசிப் பாத்தேன். இப்படி விழல."

"பொறவு ஏன் என் வளையல்தான் பட்டிருக்கும்னு நீயாச் சொன்ன?"

அவள் மோர் டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள். எனக்குத் தெரியாத கதையை அப்போதுதான் சொன்னாள். அன்று அவர் முதலில் பிடித்தது மகளை. பானுப்பிரியாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை நேரம். சந்து வழியாகச் சைக்கிள் எடுக்கப் போகும்போது அவள் புத்தகப் பை உரசியிருக்கும் என்று முடிவு செய்து, பையை மாட்டச் சொல்லி, கதவை ஒட்டி மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார். பையின் கொக்கி எந்த உயரத்தில் படுகிறது என்று குனிந்து பார்த்திருக்கிறார். திரும்ப நட, திரும்ப நட என்று ஏழெட்டுத் தடவை. இல்லப்பா, இல்லப்பா என்று அழுதிருக்கிறாள். பொய் சொல்லாதே என்று கையை ஓங்கியிருக்கிறார். அப்போதுதான் சமையலறையிலிருந்து ஓடி வந்து, என் வளையலாக இருக்கும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"நான் சொல்லலேன்னா புள்ளைய அன்னைக்கு விட்டிருப்பியளா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதில் வருமா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கூரைப் பக்கமே திரும்பிக்கொண்டார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். அளவு தெரியாமல் மூன்று அளவில் வாங்கியிருந்தார். தானே கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், போட்டுக்கோட்டி என்று கெஞ்சினேன். பாண்டிசெல்வி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"கண்ணாடி பட்டா அரிக்கின்னு சம்பந்தி வீட்டுல அம்புட்டுப் பேருட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இப்பப் போட்டுக்கிட்டுப் போனா, இம்புட்டு நாள் ஏன் போடலைன்னு கேப்பாவ. நான் என்ன சொல்ல, அவியளையா குத்தம் சொல்ல? இருக்கட்டும் அண்ணே" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வயதில் தங்கை முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அவள்தான் எனக்கு முந்தானையைக் கொடுத்தாள்.

வளைகாப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, காம்பவுண்ட் முக்கால் டியூப் மிச்சம் இருந்தது. பால்ச்சாமி அதைத் தொடவில்லை. காலையில் எழுந்து கொட்டகைக்குப் போவார், காரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், திரும்பி வந்துவிடுவார். மடித்து வைத்திருந்த பேண்டேஜ் துணிகளை எடுத்துக் குப்பை வண்டியில் போட்டார். ஒரு கதவு மட்டும் பளபளவென்று, மற்றதெல்லாம் தூசியாக, அப்படியேதான் கார் சுந்தரபாண்டியம் போனது. முன் இருக்கையில் நான், பின்னால் பாண்டிசெல்வி, மடியில் புளியோதரைத் தூக்குவாளி.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. ஏழு சுமங்கலிகள் முதலில் வளையல் போட வேண்டும் என்றார்கள். தாய் என்ற முறையில் பாண்டிசெல்வியை முதலில் கூப்பிட்டார்கள். அவள் வெறுங்கையால் மகள் கையைப் பிடித்து வளையலை ஏற்றினாள். சம்பந்தி வீட்டு வயதான பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்க, அரிப்பாம் என்று அந்தப் பக்கத்துப் பெண் சொன்னது எனக்குக் கேட்டது. பால்ச்சாமிக்கும் கேட்டிருக்கும். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு அதிகம் என்று சின்னக் குழந்தைக்கே தெரிந்த அன்றைக்கு, அவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். பானுப்பிரியாவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். நடந்தால் கலகலவென்று சத்தம். தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. பாண்டிசெல்வி அந்தப் பக்கமாகப் போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மகள் இந்தப் பக்கம், இடது பின்கதவுக்கு நேராக வந்து நின்றாள். நின்றவள் இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அப்பா, கதவை நீங்களே தொறந்து விடுங்க. வளையல் பட்டுரும்."

பால்ச்சாமி டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். கதவுமேல் கையை வைத்தார், திறக்கவில்லை.

"பட்டாப் படட்டும்மா. நீ கையை எறக்கு."

"இப்ப அப்படித்தாம்ப்பா சொல்லுவிய" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இந்தக் கதவைப் புதுசு மாதிரி ஆக்கி வச்சிருக்கிய. எனக்குப் பயமா இருக்கு."

மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை அவள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டார். அவள் கைகளைத் தூக்கியபடியே குனிந்து, கஷ்டப்பட்டு உள்ளே ஏறினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

கிருஷ்ணன்கோவில் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வண்டி போயிற்று. என்னை மடவார் வளாகத்தில் இறக்கிவிடவா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் வளையல் சத்தமே இல்லையே என்று நான் திரும்பிப் பார்த்தேன். பானுப்பிரியா கதவை விட்டு விலகி, சீட்டின் நடுவில், அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் வயிற்றின்மேல் சேர்த்துப் பிடித்திருந்தாள். ராஜபாளையம் வந்து சேரும்வரை அந்தக் கைகளை அவள் எடுக்கவில்லை.